குடைக்கம்பி போகவில்லை

"16 ஏப்ரல், சனி. காலை 7.10. பூஜ்யம் சரி. நாலு மூலையும் சரி. குடைக்கம்பி போகவில்லை. ரப்பர். – அ."

நூம்பல் பக்கம் நான் நடத்திய லாரி எடை மேடையின் முதல் வருடப் பதிவேட்டில், 'குறிப்பு' என்று தலைப்பிட்ட கடைசிக் கட்டத்தில் உள்ள வரி இது. எழுதியவர் அந்தோணியம்மாள். மேடையை விற்றவரிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, மேடையோடு சேர்ந்து என்னிடம் வந்தவர். இந்த ஒரு வரியைப் படிக்க எனக்கு நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளில் ஒரு மனிதர் திருடன் ஆனார்.

சென்ற தை மாதம் மேடையைக் காட்டுப்பாக்கத்துத் தம்பதிக்கு விற்றுவிட்டு ஓய்வு பெற்றேன். கேமராவும் தானாக இயங்கும் சீட்டு இயந்திரமும் வைத்துவிட்டார்கள். இனி அறைக்குள் ஆள் உட்கார வேண்டியதில்லையாம். ஒப்படைக்கும் நாளில் அந்தப் பெண் கேட்டார்: "முதல் வருஷம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு சார்? எங்களுக்கு பயமா இருக்கு." வாயால் சொன்னால் தேதி பிசகும் என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். அந்த எழுத்துதான் இது.

அதற்கு முந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். வந்த பொருளை எண்ணி வாங்குவதும் கேட்ட பொருளை எண்ணிக் கொடுப்பதும் வேலை. மாலையில் நூலகம். கல்வெட்டுகளில் வரும் பழைய முகத்தல், நிறுத்தல் அளவுகளைப் பற்றி இரண்டு நோட்டு நிறையக் குறிப்பெடுத்திருக்கிறேன். தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஜனவரி 20, வியாழக்கிழமை, எடை மேடையை வாங்கினேன். அளவைப் பற்றி இவ்வளவு படித்தவனுக்கு எடை போடுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

விற்றவர் பதினொரு விஷயங்களைப் பட்டியலிட்டு எழுதிக் கொடுத்தார். மேடைக்கு அடியில் உள்ள குழியில் தண்ணீர் தேங்கினால் எந்தக் குழாயைத் திறப்பது, மின்சாரம் போனால் என்ன செய்வது, வருடாந்திர அரசு முத்திரை எந்த மாதம் என்றெல்லாம் அதில் இருந்தது. குடைக்கம்பி இல்லை. அது அந்தோணியம்மாளின் கையோடு வருவது என்பதால் எழுதத் தோன்றவில்லை என்று பிறகு போனில் சொன்னார்.

காலை வேலை இப்படி நடக்கும். ஒன்பது மீட்டர் நீள இரும்பு மேடைக்கும் அதைச் சுற்றியுள்ள சிமெண்டுக் கரைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு இடைவெளி உண்டு. அந்தோணியம்மாள் பழைய குடையின் கம்பி ஒன்றை நுனியில் வளைத்து வைத்திருந்தார். அதை இடைவெளிக்குள் விட்டு, நாலு பக்கமும் ஒரு சுற்று இழுத்துக்கொண்டே நடப்பார். சிக்கிய ஜல்லி, செருப்புத் துண்டு, பாக்குப் பொட்டலம் எல்லாம் மேலே வரும். பிறகு மேடையின் ஒவ்வொரு மூலையிலும் அவரே ஏறி நிற்பார். நான் அறைக்குள் எண்ணைப் படிக்க வேண்டும். எங்கள் இயந்திரம் ஐந்தைந்து கிலோவாகத்தான் காட்டும். நாலு மூலையிலும் அறுபது வர வேண்டும்.

"அறுபத்தஞ்சு" என்றேன், பொங்கல் கழிந்து நான் பொறுப்பேற்ற முதல் நாள்.

"நாலு மூலையிலயுமா சார்?"

"நாலுலயும்."

"அப்ப மிசின் மேல தப்பில்ல சார். பொங்கல் மேல தப்பு" என்று இறங்கி வந்தார்.

ஏப்ரல் 14, வியாழன், சித்திரை முதல் நாள். புது முதலாளியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. மேடைக்கு வண்ணம் அடித்தேன். உதிர்ந்திருந்த கரையைக் கொத்தனாரை வைத்துப் பூசினேன். அந்த இடைவெளி எனக்கு முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. தினமும் குப்பை விழுகிறது, ஒரு பெண் தினமும் குனிந்து எடுக்கிறார். ஸ்டோர்ஸில் இருந்தவன் சந்து பொந்தைத் திறந்து வைக்க மாட்டான். கதவுகளுக்கு வைக்கும் கறுப்பு ரப்பர் பட்டையை வாங்கி வந்து, நாலு பக்கமும் இடைவெளிக்குள் அழுத்தி, பசை போட்டு ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"சார், அது மேடை மூச்சு வுடற எடம் சார்" என்றார் அந்தோணியம்மாள்.

"தூசி போகாது, தண்ணி போகாது. உங்களுக்கும் முதுகுவலி மிச்சம்."

"முதுகு என்னுது சார். அத்த நா பாத்துக்கறேன்."

"இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன்மா நான்" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, பேசாமல் விட்டதைப் பதிவேட்டில் எழுதினார்.

தனசேகர் லாரி ஓட்டுநர். வயது நாற்பது இருக்கும். திருமுல்லைவாயிலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. லாரியின் முதலாளி ரத்தினம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரங்கள் சீவித் தள்ளும், எண்ணெய் ஊறிய இரும்புச் சுருளை ஏற்றி, எங்கள் பக்கத்தில் உள்ள வார்ப்பட ஆலைக்குக் கொண்டுவருவது அந்த லாரியின் வேலை. ஏற்றும் இடத்தில் ஓர் எடை, ஆலைக்குள் போகுமுன் எங்களிடம் ஓர் எடை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஒத்துப்போகவில்லை. சில நடைகளில் நூறு கிலோ குறைந்தது, சிலவற்றில் நூற்று நாற்பது.

மே 21, சனிக்கிழமை, ரத்தினம் என் அறைக்கு வந்தார். "சார், நீங்க எல்லாத்தையும் நோட்டுல எழுதறவராமே. எந்த நடைல கொறயுதுன்னு பாத்து சொல்ல முடியுமா?"

இப்படி ஒருவர் கேட்பதற்காகவே காத்திருந்தவன் போல் உட்கார்ந்தேன். பதினொரு நடைகளை நாள், நேரம், இரண்டு இடத்து எடை என்று கட்டம் போட்டு எழுதினேன். காலையில் வந்த ஐந்து நடைகளிலும் எடை சரி. பிற்பகலில் வந்த ஆறிலும் குறைவு. ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. மே 23, திங்கட்கிழமை, அந்தத் தாளை ரத்தினத்திடம் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மத்தியான நடைக்குதான் ஊட்டாண்ட நிறுத்தி சாப்புடுவான்" என்றார்.

அன்று மாலையே அவருடைய ஆட்கள் இரண்டு பேர் திருமுல்லைவாயில் போய், தனசேகர் வீட்டின் பின்பக்கத்தையும் குளியலறையையும் தேடியிருக்கிறார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததை, அதற்குள் விற்றுவிட்டான் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை தனசேகர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீதான டேபுளு போட்டு குத்த?"

"நான் எண்ணைத்தான் எழுதினேன். உங்க பேரை எழுதலை."

"பேரு எழுதாங்காட்டி இன்னா? எம்மூஞ்சியே அதான். சாவிய புடுங்கிட்டாரு. கால்ல வுழுந்து ஒரே ஒரு நடை கேட்டுகினு வந்துகீறேன். நாளிக்கு காலீல லோடோட வர்றேன். நீயும் இரு, அவுரும் இருப்பாரு."

மே 26, வியாழன். பதிவேட்டின்படி காலை 8.05. லோடு வண்டியின் எடை 24,360 கிலோ. அம்பத்தூர்ச் சீட்டிலும் அதே எண். தனசேகர் வண்டியை மேடையிலிருந்து இறக்கி, அறைக்கு எதிரே நிறுத்தி, சாவியை அந்தோணியம்மாளிடம் கொடுத்தார்.

"யக்கா, இத்த முந்தானைல முடிஞ்சுக்கோ. மத்தியானம் மறுக்கா ஏத்தலாம்."

ரத்தினம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு லாரிக்கு எதிரே உட்கார்ந்தார். "எதுக்குடா இந்தக் கூத்து? எண்ண வடியுதுன்னு சொல்லப் போறியா? நூறு கிலோ எண்ண வடிஞ்சிருந்தா அந்த ரோட்ல வழுக்கி மொதல்ல நீதான் ஊந்திருப்ப."

"நா ஒண்ணும் சொல்லல மொதலாளி. நீயே பாரு."

ஒரு மணிக்குத் தூக்குவாளியைத் திறந்தார். "ஊட்டுக்கு போயி துன்னாதான இரும்பு காணாம பூடுது? இன்னிக்கு இங்கயே துன்றேன். அல்லாரும் குந்திகினு பாருங்க." மேடைக்கு வந்த மற்ற ஓட்டுநர்களும் போகாமல் நின்றார்கள். அக்கினி நட்சத்திர வெயில். மேடை இரும்பில் வெறுங்கால் வைக்க முடியாது.

2.20. வண்டி மறுபடி மேடை ஏறியது. நான் எண்ணைப் படித்தேன். நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். 24,230.

நூற்று முப்பது கிலோ குறைவு.

ரத்தினம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "டேய், இன்னாடா பண்ண?"

"இன்னா பண்ணேன்? தயிர் சோறு துன்னேன்."

யாரோ சிரித்தார்கள். தனசேகர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "வண்டி நவுந்துச்சா சார்? சாவி யார்கிட்ட இருந்துச்சு? இத்த எழுது, ஒன் டேபுள்ள" என்றார்.

அந்தோணியம்மாள் அறைக்குள் வந்து, பதிவேட்டை ஏப்ரல் 16-க்குத் திருப்பி என் முன்னால் வைத்தார். இந்த எழுத்தின் தொடக்கத்தில் தந்த வரியைப் படித்தேன். ஏப்ரல் 19, "கம்பி போகவில்லை." ஏப்ரல் 25, "கம்பி போகவில்லை. மத்தியானம் ரப்பர் பிதுங்குது." மே 6, "கம்பி போகவில்லை." அந்த ஏட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் நான் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன். குறிப்புக் கட்டத்தில் எண் எதுவும் இல்லாததால் ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

விஷயம் எளிது. வெயிலில் இரும்பு நீளும். ஒன்பது மீட்டர் மேடை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளும். நீள்வதற்குத்தான் இடைவெளி. நான் அதை அடைத்ததால், பிற்பகலில் மேடை ரப்பரையும் புதுச் சிமெண்டுக் கரையையும் இறுகப் பிடித்துக்கொண்டது. கனமான வண்டி ஏறும்போது மேடை இறங்க வேண்டிய அளவு இறங்காமல், பாரத்தில் ஒரு பங்கைக் கரை தாங்கிக்கொண்டது. கரை தாங்கிய பாரம் இயந்திரத்துக்குத் தெரியாது. காலைக் குளிர்ச்சியில் எல்லாம் சரியாக இருக்கும். அறுபது கிலோ அந்தோணியம்மாள் எந்த மூலையில் நின்றாலும் சரியாகத்தான் காட்டும்.

கத்தியை எடுத்துக்கொண்டு போய் நானே மண்டியிட்டு ரப்பரை அறுத்தேன். முட்டி சுட்டது. வடக்குக் கரையை ஓட்டுநர்கள் இரண்டு பேர் உளி வைத்துக் கொத்திக் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் ஆனது. அந்தோணியம்மாள் குடைக்கம்பியை விட்டு ஒரு சுற்று இழுத்து வந்து, "போவுது சார்" என்றார். வண்டியை மறுபடி ஏற்றினோம். 24,355. அந்த ஐந்து கிலோ எண்ணெய் வடிந்தது என்றார் தனசேகர். யாரும் மறுக்கவில்லை.

ரத்தினம் சாவியை அவர் கையில் வைத்து, "மன்னிச்சுக்கடா தனா" என்றார்.

நான், "எழுதித் தரேன். தப்பு என் மேடை மேலன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றேன்.

"எனுக்கு எதுக்கு அது? நா திருடலன்னு எனுக்குத் தெரியாதா? எங்க தெருவாண்ட வந்து சொல்லு. எம்பொண்ணு ரெண்டு நாளா வெளிய வரல."

மறுநாள் மேடையை மூடிவிட்டு, எடைக் கருவிகளுக்கு முத்திரை வைக்கும் அரசு ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை நானே சொல்ல வேண்டுமா, ரப்பரை எடுத்தாயிற்றே, யாருக்குத் தெரியப்போகிறது என்று பேருந்தில் உட்கார்ந்து யோசித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். பேருந்து பூந்தமல்லிக்கு வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். ஒரு நிறுத்தம் நின்றுகொண்டே வந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

ஆய்வாளர் மெல்லிய குரல்காரர். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார், எடுத்துக்கொடுக்க மாட்டார். நான் சொல்லி முடித்ததும், "தப்பு எத்தனை மணிக்கு நடந்தது?" என்று மட்டும் கேட்டார். பிற்பகல் ஒன்றிலிருந்து நாலு வரை என்றேன். "சரி, அந்த நேரத்துக்கே வர்றேன்" என்றார். திங்கட்கிழமை, மே 30, வெயில் உச்சியில் இருக்கும்போது வந்தார். தண்ணீர் கொடுத்தேன். கைப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் காட்டினார். செய்தித்தாளை விரித்து, மேடைப் பக்கத்தில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து இடைவெளியின் முழு நீளத்தையும் பார்த்தார். முத்திரையிட்ட இருபது கிலோ எடைக்கற்கள் ஐம்பதை ஒரு மூலையில் அடுக்கச் சொன்னார், எண்ணைக் குறித்துக்கொண்டார், அடுத்த மூலைக்கு மாற்றச் சொன்னார். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து முறை. பிறகு லோடு வண்டியை ஏற்றி, அதன் மேலும் கற்களை அடுக்கி மறுபடி. மூன்றே கால் மணி நேரம். ஒருமுறைகூட உட்காரவில்லை.

எல்லாம் முடிந்தபின், சட்டப்படி எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுத்து, அதற்கான தாளில் என் கையெழுத்தை வாங்கினார். புது முத்திரையும் வைத்தார். பேனாவை மூடிக்கொண்டே, "கருவியை நான் பார்த்துட்டேன். சீட்டை நீங்க பார்க்கணும். ஏப்ரல் பதினாலுல இருந்து மத்தியானத்துல கொடுத்த சீட்டு எத்தனை?" என்றார்.

"முந்நூறுக்கு மேல இருக்கும் சார்."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனசேகர் இருக்கலாம் இல்லையா?" என்றார். அதற்கப்புறம்தான் அந்தோணியம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார்.

அதற்கு முந்தைய நாள், ஞாயிறு காலை, திருமுல்லைவாயில் போயிருந்தேன். தனசேகர் வீட்டு வாசலில் நின்று, என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். பொதுவில் பேசிப் பழக்கமில்லாதவன். பாதியில் எதிர்வீட்டுக்காரர், "இன்னாபா, எலக்சனா?" என்றார். "இல்ல, நான் தப்பா எடை போட்டவன்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளையின் முகம் தெரிந்தது. முடித்ததும் தனசேகரின் மனைவி, "முழுசா படிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இன்னொரு தபா படிங்க. மாடி ஊட்டுக்காரங்க இப்பதான் எறங்கி வர்றாங்க" என்றார். மறுபடி படித்தேன். அதன்பின் காபி வந்தது. கொண்டுவந்தது ஜன்னலில் பார்த்த அந்தப் பெண்பிள்ளை.

ஜூன் 1, புதன்கிழமை, மேடையை மறுபடி திறந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தப்பாக எடை போட்டவன் என்று நானே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேனே. ஏழரை மணிக்கு முதல் வண்டியாகத் தனசேகர் நின்றார். பின்னால் நாலு வண்டிகள். இரண்டு பேர் அதுவரை எங்களிடம் வராதவர்கள். அவர்களிடம் தனசேகர் சொல்லிக்கொண்டிருந்தது அறைக்குள் கேட்டது: "மத்தவன்லாம் கரீட்டா போடறான்னு நீ எப்டி சொல்லுவ? இந்தாளு தப்பா போட்டா ஊட்டுக்கே வந்து சொல்றான்பா." இதைவிட நல்ல விளம்பரத்தைப் பதினான்கு வருடத்தில் நான் பெறவில்லை.

ஆய்வாளர் கேட்டபடி சீட்டுகளை எடுத்து வண்டிவாரியாகப் பிரித்தேன். அறுபத்து மூன்று வண்டிகள் வந்தன. அறுபத்து மூன்று பேருக்கும் கடிதம் எழுதி, என் மேடை எந்த நாள்களில், எந்த நேரத்தில் குறைத்துக் காட்டியது என்று தெரிவித்தேன். பதில் வராதவர்களை நேரில் போய்ப் பார்த்தேன். அந்த வருடம் முழுக்க அதுவே என் ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டு ஓட்டுநர்கள் ஏச்சு வாங்கியிருந்தார்கள். அவர்களுடைய முதலாளிகளிடம் நேரில் சொன்னேன். மற்றவர்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்கவில்லை. பலர் என்னைக் காபி குடிக்க வைத்து அனுப்பினார்கள்.

பதினான்கு வருடம் அந்த மேடை என் குடும்பத்தைக் காப்பாற்றியது. என்னைத் திருத்தும் பொறுமையோடு எழுதி வைத்த அந்தோணியம்மாளுக்கும், வெயிலில் வந்த அந்த ஆய்வாளருக்கும், ஒரு நடை கேட்டு வாங்கிய தனசேகருக்கும் நான் கடன்பட்டவன். புதிதாக வாங்கியவர்களிடம் குடைக்கம்பியை ஒப்படைத்திருக்கிறேன். கேமரா எண்ணைப் பார்க்கும். கம்பியைக் கையால்தான் இழுக்க வேண்டும்.

அறுபத்து மூன்றில் ஒன்று பாக்கி. மே 12, வியாழக்கிழமை, பிற்பகல் 2.45. ஆந்திரப் பதிவெண் கொண்ட லாரி, சரக்கு மிளகாய், ஒரே ஒரு முறை வந்தது. ஓட்டுநரின் பெயர் பதிவேட்டில் இல்லை. சீட்டில் இருந்த விலாசத்துக்கு எழுதிய கடிதம் மூன்று முறையும் திரும்பி வந்தது. பதிவெண்ணை எடை அறையின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி வைத்திருந்தேன். புதியவர்கள் அதைக் கிழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டுநரை யாராவது எதுவும் கேட்டார்களா, கேட்டிருந்தால் அவர் என்ன சொன்னார் என்பது இன்றைய தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.